ஏழு போத்தல் மஞ்சள்

மருத்துவிச்சி கொடுத்துவிட்டுப் போன வெறும் போத்தலை சல்மா உம்மா கையால் தொடவில்லை. விறகுக் குச்சியால் தட்டி வாசலோரம் நகர்த்தினார்.

"காலையில போற முதல் தண்ணிய இதுல பிடிச்சுத் தரட்டாம்," என்றாள் மகள் நதீரா.

"எதுக்காம்?"

"காய்ச்சிப் பாக்கவாம்."

"நெருப்புலயா? வகுத்துல புள்ளைய வெச்சிட்டு, உன்ட மூத்திரத்த ஒருத்தி நெருப்புல காய்ச்சுறதா? சூனியக்காரனும் இதத்தானே கேக்குறான்."

நதீராவுக்கு ஏழாம் மாதம். அவளுக்கு மூத்தவள், ராத்தா சுல்பிகாவும் ஏழாம் மாதத்தில்தான் கால் முகமெல்லாம் வீங்கி, வலிப்பு வந்து, வயிற்றுப் பிள்ளையோடு மௌத்தானாள். ஜின் அடித்தது என்றார்கள். ஏவியது யார் என்று சல்மா உம்மா இன்னும் தேடிக்கொண்டிருந்தார். இப்போது நதீராவின் கால்களும் வீங்கத் தொடங்கியிருந்தன.

மருதமுனை நெசவுத் தெருவில் அந்த மாதம் ஏழு பேர் பிள்ளைத்தாய்ச்சிகள். ஏழு வீட்டுக்கும் போத்தல் வந்திருந்தது, ஏழிலும் இதே பயம். அந்த யோசனை யாருடையது என்று பிறகு ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. சாரன் நெய்யும் நூலுக்குக் காய்ச்சிய மஞ்சள் சாயத்தில் ஒரு சிரட்டை மொண்டு, கிணற்றுத் தண்ணீர் விட்டு ஏழு போத்தல்களையும் நிரப்பினார்கள்.

"உப்பும் கொஞ்சம் போடுகா. ருசி பாத்தாளெண்டா?" என்றாள் பக்கத்து வீட்டுச் சபூறா.

புதன்கிழமை போத்தல்கள் போயின. வெள்ளிக்கிழமை மருத்துவிச்சி மிஸிஸ் அழகரெத்தினமே குடையும் பையுமாக நதீராவின் வாசலில் வந்து நின்றார். வலது கையை விரித்துக் காட்டினார். மூன்று விரல்கள் மஞ்சள்.

"சவுக்காரம் போட்டும் போகல்ல. ஏழு பேருக்கும் ஒரே நிறம். மருதமுனைப் பொம்புளையளுக்கு மூத்திரமும் சாயம் போகாது போல."

நதீராவுக்குச் சிரிப்பு வந்தது. உம்மாவுக்கு வரவில்லை.

"ஆரு மிஸி உங்களுக்குக் கோள் செல்லினது? சபூறாவா?"

"என்ட விரல்தான் சொன்னது. மற்ற ஆறு பேரிட காலயும் இப்பதான் பாத்திட்டு வாறன். வீக்கமில்ல." மிஸி குனிந்து நதீராவின் முழங்காலுக்குக் கீழே பெருவிரலால் அழுத்தினார். எடுத்த பின்பும் குழி மாவில் பதிந்ததுபோல் அப்படியே இருந்தது. "தலையிடி இருக்கா புள்ள?"

உம்மா நதீராவைப் பார்த்தார். வாய் திறக்காதே என்ற பார்வை.

முந்தாநாளிலிருந்து தறியில் ஒரு இழை இரண்டாகத் தெரிந்தது. சொன்னால் ஜின்னுக்கு வழி காட்டியதாகும் என்று அவள் உம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. இந்த மிஸியை நம்புவதா என்றும் தெரியவில்லை. ராத்தா இப்படித்தான் ஒன்றும் சொல்லாமல் படுத்தாள்.

"இரிக்கி," என்றாள் நதீரா. "கண்ணும் மங்குது. ஆனா மிஸி, காய்ச்சுறதெண்டா இஞ்சயே காய்ச்சுங்க. என்ட கண்ணுக்கு முன்னால."

"விளக்க நீயே பத்த வை," என்றார் மிஸி.

சின்ன ஸ்பிரிட் விளக்கு. கண்ணாடிக் குழாயில் நதீரா அப்போதே போய்ப் பிடித்து வந்த தண்ணீர், தெளிவாகத்தான் இருந்தது. மேல்பாதி சூடேறக் கலங்கியது. பிறகு முட்டை வெள்ளைக்கரு வேகுவதுபோல் வெளுத்தது. மிஸி வேறொரு குப்பியிலிருந்து இரண்டு சொட்டு விட்டார். வெள்ளை கரையவில்லை.

"என்னமோ ஊத்துறாங்க!" உம்மா குழாயைப் பறிக்கப் போனார்.

"வினாகிரிகா, ஊறுகாய்க்கு ஊத்துறது. மோந்து பாருங்க."

உம்மா முகர்ந்தார். அப்படியும் விடவில்லை. "அப்ப என்டதயும் காய்ச்சுங்க. அதும் வெளுத்தா, வேல செய்றது உங்கட குப்பி."

மிஸி இன்னொரு குழாயை எடுத்து நீட்டினார்.

உம்மா வேலி மறைப்புக்குப் போய் வந்தார். அதே விளக்கு, அதே இரண்டு சொட்டு. கொதித்துப் பொங்கியது, வெளுக்கவில்லை. இன்னும் காய்ச்சச் சொன்னார். மிஸி காய்ச்சினார். தெளிந்த தண்ணீராகவே இருந்தது.

இரண்டு குழாய்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. உம்மா குந்தியிருந்து ஒன்றையும் மற்றதையும் மாறிமாறிப் பார்த்தார்.

"என்ட மூத்த புள்ளைக்கும் இதுதானா?"

"பாக்காமச் சொல்ல ஏலாது," என்றார் மிஸி. "இந்த வெள்ளை, உடம்புச் சத்து மூத்திரத்துல ஒழுகுறதிட அடையாளம். இவவ இண்டைக்கே ஆஸ்பத்திரியில படுக்க வைக்கணும். வலிப்பு வாறதுக்கு முந்தி."

நதீராவின் மாப்பிள்ளை பளீல் சாரன் விற்கச் சம்மாந்துறைக்குப் போயிருந்தான். அவன் வரட்டும் என்று உம்மா சொல்வார் என நதீரா எதிர்பார்த்தாள். உம்மா சொல்லவில்லை. சபூறாவின் மாப்பிள்ளையிடம் மாட்டுவண்டி கேட்டு ஆள் அனுப்பினார். பாயைச் சுருட்டினார். முக்காட்டை இழுத்து இறுக்கிக்கொண்டு, மகளுக்கு முன்னால் தானே வண்டியில் ஏறிக்கொண்டார்.

"நானும் அங்கதான் இரிப்பன், மிஸி. ஊசியெண்டாலும் மருந்தெண்டாலும் எனக்குக் காட்டித்தான் குடுக்கணும். காட்டாமக் குடுத்தா இதே வண்டியில மகளக் கூட்டிட்டு வந்திருவன்."

"கேளுங்க," என்றார் மிஸி. "ஒவ்வொண்டையும் கேளுங்க."