புதன்கிழமை மோட்டார்

தையல்காரி ஏன் புதன்கிழமை மட்டும் பேசுகிறாள் என்பது டீச்சருக்குப் பிடிபடவே இல்லை.

திங்கள், புதன், வெள்ளி, பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்து வரை பள்ளியில் பெண்களுக்கு ஆங்கில வகுப்பு. பன்னிரண்டு பேர், எல்லோரும் குடும்பப் பெண்கள். திங்கட்கிழமை தையல்காரியிடம் ஒரு கேள்வி கேட்டால் உதடு அசையும், சத்தம் வராது. வெள்ளிக்கிழமையும் அதே கதைதான். புதன்கிழமை மட்டும் அதே வாய் தப்பும் தவறுமாக, ஆனால் தாராளமாகப் பேசும்.

சிரித்துவிட்டு விடுகிற விஷயமில்லை இது. பெரிய ஆஸ்பத்திரியில், பெண்கள் பிரிவில் பெயர் பதியும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். எழுத்துத் தேர்வில் தையல்காரிதான் முதல். இன்னும் ஐந்து வாரத்தில் வாய்மொழித் தேர்வு, அதுவும் ஒரு திங்கட்கிழமை. வெளியே வேலைக்குப் போக அவள் மாமியார் தலையாட்டியதே இந்த ஒரு வேலைக்குத்தான், பெண்கள் மட்டும் இருக்கும் இடம் என்பதால். அதுவும் கைநழுவினால் மறுபடி வீட்டு மூலையும் தையல் மெஷினும்தான்.

டீச்சர் ஒரு நோட்டில் கட்டம் போட்டாள். தையல்காரி எந்த இடத்தில் உட்கார்ந்தாள், பக்கத்தில் யார், என்ன பாடம் என்று மூன்று வாரமாகக் குறித்து வந்த நோட்டு அது. புதன்கிழமைப் பாடத்தைத் திங்கட்கிழமைக்கு மாற்றிப் பார்த்தாள். இடத்தை மாற்றிப் பார்த்தாள். கடைசியில், மதியம் என்ன சாப்பிட்டாள் என்றுகூடக் கேட்டுவிட்டாள்.

"டீச்சர், சோத்தையும் விட்டு வைக்கலயா நீங்க?" என்று வகுப்பே சிரித்தது.

விடை கிடைத்தது டீச்சரின் சொந்த அறையில்.

ஒரு வீட்டு மாடியில் ஒற்றை அறையில் அவள் வாடகைக்கு இருந்தாள். கல்யாணம் ஆகாதவள், கடல் தாண்டித் தனியாக வேலைக்கு வந்தவள் என்றால் தெருவே ஒரு காதை அந்தப் பக்கம் வைத்திருக்கும். வந்த முதல் வாரம் தங்கையோடு போனில் பேசி விழுந்து விழுந்து சிரித்தாள். மறுநாள் காலை மாடிப்படியில் வீட்டுக்கார அம்மா நிறுத்தினார்.

"நேத்து யாரோட அப்படி ஒரு சிரிப்பு?"

"என் தங்கச்சிங்க."

"தங்கச்சியா? நல்லது... நல்லது."

இரண்டாவது 'நல்லது' கொஞ்சம் இழுத்தது. அன்றிலிருந்து டீச்சர் வாஷிங் மெஷினை ஓடவிட்டுவிட்டுத்தான் தங்கையைக் கூப்பிடுவாள். மெஷின் அவள் குரலைக் குறைப்பதில்லை. அதைவிடப் பெரிய சத்தத்தால் போர்த்திவிடுகிறது, அவ்வளவுதான்.

"மறுபடியும் மெஷினாக்கா? அந்த ரெண்டு சட்டைய எத்தன தடவதான் துவைப்ப? நூல் நூலா போகப் போகுது," என்றாள் தங்கை, ஒரு வியாழக்கிழமை சாயங்காலம்.

"நீ பேசுடி. இன்னும் நாப்பது நிமிஷம் ஓடும்."

"அதானே! மெஷின் நின்னா உன் வாயும் நின்னுடும்."

டீச்சர் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பள்ளியில் புதன்கிழமை பிற்பகல்தான் குழாயில் தண்ணீர் வரும். மூன்று மணிக்கு வாட்ச்மேன் மோட்டார் போடுவார். ஐந்து மணிக்கு நிறுத்துவார். மோட்டார் இருப்பது வகுப்பறைச் சுவரை ஒட்டி வெளியே. அதே சுவரை ஒட்டித்தான் காத்திருப்பவர்களுக்கான பெஞ்சும். பெண்கள் தனியாக வருவதில்லை. கூட்டி வரும் அண்ணன், கணவன்மாரில் சிலர் வீட்டுக்குப் போய்த் திரும்பி வர அலுத்துக்கொண்டு, இரண்டு மணி நேரமும் அந்தப் பெஞ்சிலேயே இருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை காலை, ஆள் இல்லாத நேரம், கூட்டிப் பெருக்கும் அக்காவை வகுப்பில் நிறுத்தி ஒன்று, இரண்டு எண்ணச் சொல்லிவிட்டு டீச்சர் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். ஒவ்வொரு எண்ணும் காதுக்குள் வந்து விழுந்தது. அண்ணாந்து பார்த்தாள். வெண்டிலேட்டரில் சாரல் அடிக்காமலிருக்க ஒரு தகரத்தைச் சரிவாக மாட்டியிருந்தார்கள். உள்ளிருந்து வரும் சத்தம் மேலே போகாமல் அதில் பட்டு நேரே பெஞ்சுக்கு இறங்கியது.

அடுத்த புதன் வரை பொறுத்திருந்து, மோட்டார் இரைச்சலுக்குள் தையல்காரியிடம் கேட்டாள்.

"உங்களோட யாரும்மா வர்றாங்க?"

"கொழுந்தனார், டீச்சர். ஜவுளிக்கடை வச்சிருக்கார். நான் இங்க பேசினத ராத்திரி அப்படியே என் குரல்லயே சொல்லிக் காட்டுவார். எங்க வீட்ல சாப்பாட்டுக்குத் தொட்டுக்க என் இங்கிலீஷ்தான்." அவளே சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கெட்டவர் இல்ல. மழைன்னா குடைய எனக்குக் குடுத்துட்டு அவர் நனைஞ்சுட்டு வருவார். ஆனா அந்தச் சிரிப்பு... தாங்க முடியல."

திங்கட்கிழமையும் மோட்டார் போட முடியுமா என்று டீச்சர் வாட்ச்மேனிடம் கேட்டுப் பார்த்தாள்.

"தொட்டியில தண்ணி இல்லாம ஓட்டினா காயில் கம்பி கருகிடும். உங்க பாடத்துக்கு என் மோட்டார பலி குடுக்கணுமா?"

அவர் சொன்னதும் சரிதான். தேர்வு அறையில் மோட்டாரும் இருக்காது.

டீச்சர் யோசித்தாள். கொழுந்தன் ஏன் கேலி செய்கிறான்? இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்து கேட்கிறான். கேட்பவனுக்குத் தப்பே வராது. தப்பு வர வேண்டுமானால் அவனுக்கும் ஒரு வேலை வேண்டும். ஆனால் பெஞ்சுக்காரர்களோடு ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று வேலையில் சேர்ந்த அன்றே நிர்வாகி அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பேசக்கூடாது என்றுதான் சொன்னார். தாள் அனுப்பக்கூடாது என்று சொல்லவில்லையே? ஒரு பயிற்சித் தாளைத் தயாரித்துக்கொண்டு நேரே அவரிடமே போய்க் கேட்டாள். அவர் தாளை இரண்டு முறை படித்தார். "வாட்ச்மேன் கையால குடுங்க," என்றார்.

திங்கட்கிழமை வாட்ச்மேன் பெஞ்சில் இருந்த ஐந்து பேருக்கும் ஐந்து தாளும் ஐந்து பென்சிலும் கொண்டுபோனார். பத்து ஆங்கில வாக்கியங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கோடிட்ட இடம். உள்ளே படிப்பதைக் கேட்டு நிரப்ப வேண்டும். உள்ளே படிக்க வேண்டியவள் தையல்காரி.

அவள் தாளையே வெறித்துக்கொண்டிருந்தாள். டீச்சர் குனிந்து மெதுவாகச் சொன்னாள்: "நீங்க வாயத் திறக்கலன்னா அவருக்கு முட்டை மார்க்கும்மா. பாவம் இல்லையா?"

தையல்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு சிரிப்பாக முதல் வாக்கியத்தைப் படித்தாள். வெளியே பென்சில் கீறும் சத்தம். இரண்டாவது, மூன்றாவது. ஏழாவது படித்ததும் வெண்டிலேட்டர் வழியாக ஒரு குரல் கெஞ்சியது:

"அண்ணி, ஏழாவது கேக்கல! கொஞ்சம் சத்தமாப் படிங்களேன்!"

வகுப்பு குலுங்கியது. தையல்காரி எழுந்து நின்று சத்தமாகப் படித்தாள். திரும்பி வந்த தாள்களைத் திருத்தச் சிவப்புப் பேனாவையும் டீச்சர் அவளிடமே கொடுத்தாள். கொழுந்தனுக்குப் பத்துக்கு நாலு.

"ராத்திரி என்ன ஆச்சு?" என்று புதன்கிழமை எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள்.

"வாயே திறக்கல. சாப்பிட்டு முடிச்சுட்டு, 'அண்ணி, அந்த ஏழாவதுக்கு என்னதான் அர்த்தம்?'னு கேட்டார்."

அன்று சாயங்காலம் டீச்சர் வாஷிங் மெஷினைத் தொடவில்லை. வீடியோ காலில் தங்கையைக் கூப்பிட்டு, படியிறங்கிப் போனை வீட்டுக்கார அம்மாவின் கையில் கொடுத்தாள். இவர் பாஷை தங்கைக்குத் தெரியாது, தங்கையின் பாஷை இவருக்குத் தெரியாது. டீச்சர்தான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொன்னாள்.

"உங்கக்கா நல்ல பொண்ணுதான்," என்றார் வீட்டுக்கார அம்மா. "ஆனா எதுக்கு இவ்வளவு துணி துவைக்கிறா?"

தாள் கொடுக்கத் தொடங்கிய நான்காவது வாரம், தேர்வறையில் மோட்டார் இல்லை, பெஞ்சும் இல்லை. அவர்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் தையல்காரி கொஞ்சம் சத்தமாகவே பதில் சொல்லி வேலையை வாங்கினாள். வெளியே குடையோடு நின்ற கொழுந்தன் ஒவ்வொரு பதிலும் தனக்குக் கேட்டது என்று சத்தியம் செய்தான்.

கட்டம் போட்ட நோட்டின் கடைசிப் பக்கத்தில் டீச்சர் எழுதி வைத்தாள்: திங்கள், புதன், வெள்ளி, பெஞ்சுக்கு ஆளுக்கொரு தாள், ஒரு பென்சில். படிப்பது உள்ளே இருக்கும் பெண்கள். சிவப்புப் பேனாவும் அவர்களிடமே.