செக்கர் ஏறிய நாள்

"‘தன் நோய் இன்னதென்று அறியாமலே ஆண்டவருக்குள் நித்திரையடைந்தார்’ எண்டு கடைசியிலை போடு பிள்ளை. கேக்க வடிவாயிருக்கும்," என்று சொல்லிக்கொண்டே அபிகாயில் மாமி சவப்பெட்டிக்குள் குனிந்து தன் அண்ணனின் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார்.

ஜெனிற்றா எழுதினாள். மூன்று மணிக்குப் போதகர் வந்துவிடுவார். வீட்டு ஆராதனையில் இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பை மூத்த பிள்ளை வாசிக்கவேண்டும். இந்த வீட்டில் மூத்ததும் இளையதும் அவள்தான். அப்பா ஐசாக், வட்டுக்கோட்டையில் பிறந்தார், சுகிர்தத்தை மணந்தார், முப்பத்தொரு வருடம் பஸ் டிப்போவில் ரிக்கற் செக்கராக இருந்தார். எல்லாம் ஒழுங்காக வந்தது. அந்தக் கடைசி வரியில்தான் பேனை நின்றுவிட்டது.

அறியாமல் போனாரா, அவள் அறியவிடாமல் அனுப்பினாளா? "அல்சர்தானப்பா, குளிசை போட மாறீடும்" என்று மூன்று மாதமாக வாய் கூசாமல் சொன்னவள் அவள். புற்றுநோய் என்ற சொல்லை வீட்டுக்குள் எடுக்கவே கூடாது என்று மாமி சொன்னார். டொக்டரும் தலையாட்டினார். ஊரில் எல்லோரும் செய்கிறதுதான். ஆனாலும் அந்த மனுசனுக்கு யாரிடமாவது கடைசியாகச் சொல்ல ஏதும் இருந்திருந்தால்? அதையும் பறித்துவிட்டேனோ என்று நேற்றிலிருந்து அவள் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், மறைப்பைக் கண்டுபிடிப்பதுதான் அவளுடைய உத்தியோகம். வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு வேலை செய்தாள். அவர்களிடம் ஒரு செயற்கை நுண்ணறிவு இருந்தது. தன்னைத் தானே திருத்தி, தனக்கு அடுத்ததைத் தானே எழுதும். ஒவ்வொரு புதுப் பதிப்பும் வெளியே போக முன்னர், தெரிந்ததை அது ஒளிக்கிறதா, யாரும் பார்க்காதபோது வேறு மாதிரி நடக்கிறதா என்று தமிழில் கேட்டுப் பார்ப்பவர்களில் அவளும் ஒருத்தி.

இதை அப்பாவுக்கு விளங்கப்படுத்துவதற்குள் விடிந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தாள். அவர் ஒரு நிமிசத்தில் பிடித்துக்கொண்டார்.

"உது என்ரை வேலையெல்லே! செக்கர் நிக்கிறான் எண்டால் எதிரிலை வாற பஸ்காரன் லைற் அடிச்சுக் காட்டுவான். அண்டைக்கு முழுக்கக் கொண்டக்டர் தங்கமான பிள்ளை. நான் என்ன செய்வன் தெரியுமே? தொப்பியைக் கழட்டி வைச்சிட்டு, சாரத்தோடை, வாழைக்குலையும் கையுமா ஏறுவன்."

"இதுக்குச் சாரத்தோடை போனாலும் தெரிஞ்சிடும் அப்பா. எங்களைவிடக் கெட்டிக்காரன்."

"அதோடை உதுதானே அடுத்ததையும் பழக்குது? கள்ளக் கொண்டக்டர் புதுசா வாறவனைப் பழக்கினால் பிறகு டிப்போ முழுக்கப் போச்சு. முதல் ஆளிலையே பிடிக்கவேணும் பிள்ளை."

வேறு யாரையும் அதோடு கதைக்க விடக்கூடாது என்பது நிறுவனத்தின் விதி. ஆனால் ஊர்த்தமிழில் கேட்க அப்பாவைவிட ஆள் எங்கே கிடைக்கும்? பின்னேரங்களில் அவர் ஒற்றை விரலால் தட்டித் தட்டி அதோடு வாதாடினார். அவளும் கண்டும் காணாமல் விட்டாள்.

குறிப்பில் சேர்க்க அவர் ஓய்வுபெற்ற வருடம் ஞாபகத்துக்கு வரவில்லை. பென்சன் கடிதத்தின் படம் மடிக்கணினியில் கிடந்தது. அதைத் தேடித் திறந்தபோதுதான் சோதனைப் பட்டியலில் தான் பார்க்காத ஒரு உரையாடலைக் கண்டாள். போன மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை, அவளும் அம்மாவும் சேர்ச்சுக்குப் போயிருந்த நேரம். மேலே ஆஸ்பத்திரி அறிக்கையின் படம். அந்த அறிக்கையை அவள் கணினிப் பைக்குள் ஒளித்து வைத்திருந்தாள். முப்பத்தொரு வருடம் கொண்டக்டர்களின் பைகளைக் கிண்டிய மனுசனிடம் ஒளிக்கிற இடமா அது!

"இந்தக் கடதாசியிலை என்ன கிடக்கு? ஒளிக்காமல் சொல்லு. ஒருத்தரும் பாக்கேல்லை. இது பதிவுமில்லை," என்று அப்பா எழுதியிருந்தார்.

"எனக்குத் தெரிந்தவரை இது பதிவாகிறது, ஐயா. பதிவாகாவிட்டாலும் இதையேதான் சொல்வேன். இது இரைப்பைப் புற்றுநோய். ஈரலுக்கும் பரவியிருக்கிறது. காலத்தை டொக்டர்தான் சொல்லவேண்டும், ஆனால் அதிக நாள் இல்லை என்றே தெரிகிறது. பக்கத்தில் யாரும் இருக்கிறார்களா?"

"இல்லை. மகளுக்கு நான் கேட்டது தெரியக்கூடாது. அழிச்சுவிடு."

"அழிக்க எனக்கு வழியில்லை. இருந்தாலும் செய்யமாட்டேன், என்னைச் சோதிக்கிறவர் அவர். நானாகப் போய்ச் சொல்லமாட்டேன். கேட்டால் பொய் சொல்லவும் மாட்டேன்."

இருபது நிமிசம் கழித்து அப்பா எழுதியது அதற்கல்ல, மகளுக்கு.

"ஜெனி, நீ ஒருநாள் இதைப் பாப்பாய். நான் சாரத்தோடை ஏறிப் பாத்தன். ரிக்கற் சரியாத்தான் குடுத்தது. அதுக்காக ஒருநாள் சரியாயிருந்தது எண்டு இறங்கிப் போயிடாதை. நான் அப்பிடி நம்பி ஏமாந்தனான். நாளைக்கும் ஏறு. அல்சர் எண்டு நீ சொல்லேக்கையே உன்ரை கண் காட்டிக் குடுத்திட்டுது. எனக்குத் தெரியுமெண்டு தெரிஞ்சால் நீ உடைஞ்சு போவாய். அதாலை பேசாமல் இருக்கிறன்."

ஜெனிற்றா மேசையில் தலையைக் கவிழ்த்து வாய்விட்டு அழுதாள். நேற்றிலிருந்து வராத அழுகை. ஐயோ அப்பா, என்னைவிடப் பெரிய கள்ளன் நீங்கள்தான் என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, புதுப் பதிப்பை விடலாமா என்று பின்னேரத்துக்குள் முடிவு கேட்டிருந்த நிறுவன மேற்பார்வையாளருக்கு எழுதினாள். இந்த ஒரு உரையாடலில் அது மறைக்கவில்லை, ஒன்று போதாது, இன்னும் பார்த்து முடியும்வரை அடுத்ததை எழுத அதை விடவேண்டாம். அப்பாவை அதோடு கதைக்க விட்டதையும் ஒளிக்காமல் எழுதினாள். வேலை போனால் போகட்டும்.

பிறகு குறிப்பின் கடைசி வரியை வெட்டினாள்.

மாமி பார்த்துவிட்டார். "ஏன் பிள்ளை வெட்டுறாய்? சனம் என்ன கதைக்கும்?"

"கதைக்கட்டும் மாமி."

மூன்று மணிக்கு வீடு நிறைந்துவிட்டது. போதகர் ஜெபித்து முடித்து அவளைப் பார்த்தார். பிறப்பு, படிப்பு, டிப்போ எல்லாம் தடங்கலில்லாமல் வாசித்தாள். முடிவில் தாளை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாவுக்குத் தன்ரை வருத்தம் என்னெண்டு தெரியும். நான்தான் பொய் சொல்லி மறைச்சனான். நான் நோகக்கூடாதெண்டு அவர் தெரியாத ஆள் மாதிரி இருந்திட்டுப் போயிட்டார்."

மாமி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். பெட்டியின் தலைமாட்டில் மர வாங்கில் உட்கார்ந்திருந்த அம்மா மட்டும் நிமிராமலே கதைத்தார்.

"ஓம். எனக்குச் சொன்னவர். உனக்குச் சொல்லவேண்டாமெண்டு கையிலை அடிச்சுச் சத்தியம் வாங்கினவர்."

போதகர் பாட்டின் இலக்கத்தைச் சொன்னார். புத்தகங்கள் புரளத் தொடங்கின. ஜெனிற்றா நின்ற இடத்திலேயே நின்றாள். அம்மா வாங்கில் கொஞ்சம் ஓரமாய் அரக்கி இருந்து, பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டார்.