தம்பிக்காரன் வாக்குக் கொடுத்த கிட்னி

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் இந்தத் தம்பிக்காரன் கெட்டதும் அப்படித்தான். மூன்று மாதத்துக்கு முன்பு ஆபரேஷன் தியேட்டர் வாசலில், ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த அக்கா புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு, சொந்தபந்தம் அத்தனை பேர் காதிலும் விழும்படி, "மாமா, எதுக்கும் பயப்படாதீங்க. தேவைப்பட்டா என் கிட்னி ஒண்ணு உங்களுக்கு!" என்று சொல்லிவிட்டான். யாரும் கேட்கவில்லை. அக்கா அழுததைப் பார்த்து அவனுக்குத் தானாக வந்த வேகம் அது.

மாமாவுக்கு வலது கிட்னி பிறந்ததிலிருந்தே பேருக்குத்தான் இருந்தது. நன்றாக உழைத்த இடது கிட்னியில்தான் கட்டி வந்து தொலைத்தது. கட்டியோடு சேர்த்துக் கிட்னியிலும் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். மிச்சம் இருப்பது ஒழுங்காக வேலை செய்தால் கவலையில்லை. செய்யாவிட்டால் டயாலிசிஸ், அதற்கும் மேலே போனால் மாற்றுக் கிட்னி. இந்தக் கணக்கெல்லாம் வாக்குக் கொடுத்த பிறகுதான் தம்பிக்காரனுக்கு விளங்கியது.

மாமா லிஃப்ட் மெக்கானிக். மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது அவர் தொழில். மாட்டிவிட்டு வேடிக்கை பார்ப்பது பொழுதுபோக்கு. சும்மா விடுவாரா? தம்பிக்காரன் டீயை வாயில் வைத்தால், "மாப்ள, சர்க்கரை கம்மியா போட்டுக்கோ, அது என் கிட்னி" என்பார். அவன் உப்பு பிஸ்கட் பக்கம் கையை நீட்டினால், "பொருளைக் கெடுத்துடாத மாப்ள" என்பார். அவனுக்கும் திடீரென்று இடுப்பு வலி வந்தது, தலைசுற்றல் வந்தது. வாரத்துக்கு ஒரு வியாதியாக அக்கா காதில் போட்டுவைத்தான். அக்கா கேட்டுக்கொண்டே மாமாவுக்கு மாத்திரை எடுக்கப் போய்விடுவாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

இன்றைக்கு ஸ்கேன். மிச்சக் கிட்னி எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஸ்கேன் எடுக்கும் பெண் அவனிடம்தான் கார் ஓட்டக் கற்றவள். அந்த உரிமையில் அவனைக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். "எதையும் தொடாதீங்க சார்" என்று மிரட்டியும் வைத்தாள். மாமாவின் கை நரம்பில் துளியூண்டு கதிரியக்க மருந்தை ஏற்றி, அசையாமல் படுக்கச் சொன்னாள்.

"மருந்து கிட்னிக்குள்ள போறதை அந்த கேமரா பிடிக்கும். இங்க பாருங்க, தெரியும்" என்று திரையைக் காட்டினாள்.

வலது பக்கம் மினுக்கென்று ஒரு புள்ளி. இடது பக்கம் பளிச்சென்று ஏற ஆரம்பித்தது. தம்பிக்காரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தப்பித்தோமடா சாமி என்று சாய்ந்து உட்கார்ந்தான். இதற்குள் ஃபோன் அடிக்க, அந்தப் பெண் திரும்பி உட்கார்ந்து யாருக்கோ தேதி சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் திரையையே பார்த்தான்.

பளிச்சென்று இருந்தது மங்கியது. இன்னும் மங்கியது. பத்துப் பதினைந்து நிமிஷத்தில் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லாத மாதிரி ஆகிவிட்டது.

கண்ணாடி வழியாக மாமாவைப் பார்த்தான். ஒரு நிமிஷம் சும்மா இருக்கத் தெரியாத மனுஷன், கண்ணை இறுக மூடிக்கொண்டு, மரக்கட்டையாகப் படுத்திருந்தார். உதடு மட்டும் நடுங்கியது. இவர் மூன்று மாதமாகப் பயந்துகொண்டிருக்கிறார், பயத்தைத்தான் கேலியாகப் பேசிக்கொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

அந்தப் பெண்ணிடம் கேட்கத் தைரியம் வராமல், அவன் நகத்தைக் கடித்துக்கொண்டு அங்கேயே கிடந்தான். ஸ்கேன் முடிந்து அந்தப் பெண் மாமாவை எழுப்பப் போனதும், விறுவிறுவென்று வெளியே வந்து அக்காவின் முன்னால் நின்றான்.

"அக்கா, மாமாவோட கிட்னி அணைஞ்சு போச்சு. என் கண்ணால பார்த்தேன். நான் தர்றேன், இன்னிக்கே டாக்டர்கிட்ட சொல்லிடலாம். இடுப்பு வலின்னது பொய். தலைசுத்தல் பொய். எனக்கு ஒண்ணுமே இல்லக்கா, பயம்தான்."

ஆனாலும் சொன்னதை அவன் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

"யார் சார் அணைஞ்சு போச்சுன்னது?" பின்னால் கதவருகில் அந்தப் பெண், அவளுக்கு முன்னால் சட்டைப் பொத்தானைப் போட்டபடி மாமா. "கிட்னி மருந்தை இழுத்து, வடிகட்டி, மூத்திரப்பைக்குத் தள்ளிடுச்சு. அதான் மங்குது. மங்காம தேங்கி நின்னாதான் வம்பு. முழு ரிப்போர்ட் டாக்டர் சொல்லுவார். ஆனா வேலை ஜோரா நடக்குது."

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மாமா மச்சினனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, உன் கிட்னி எனக்குச் சேராதுடா. ரத்த குரூப்ல நான் ஓ, நீ பி. ஆபரேஷன் அன்னிக்கு எனக்குப் போட்ட ரத்தத்துக்குப் பதிலா நீ பிளட் பேங்க்ல கொடுத்தப்பவே தெரியும்."

தம்பிக்காரனுக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ, கை தானாக ஓங்கியது. "மூணு மாசமா தூங்கல மாமா நான்! அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா, இப்ப உங்க அக்காகிட்ட சொன்னியே, அதை நான் கேட்டிருப்பேனா?"

கடைசி வார்த்தையில் மாமாவின் குரல் உடைந்துவிட்டது. ஓங்கிய கையோடு தம்பிக்காரன் அப்படியே அவரைக் கட்டிக்கொண்டான்.

"சார், அவர் உடம்புல இன்னும் கதிரியக்க மருந்து இருக்கு, கொஞ்சம் தள்ளி நில்லுங்க!" என்று கத்தினாள் அந்தப் பெண்.

அவன் விடவில்லை.