வாயடைத்த வரிகள்

ஜெஸ்னாவை வேலையைவிட்டு நீக்கும் கடிதம் வியாழக்கிழமை மதியமே தயாராகிவிட்டது. விசாரணைக் கூட்டம் மூன்று மணிக்கு. இதை எனக்குச் சொன்னது, அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்த மனிதவளப் பிரிவு லிஜியேதான். "பென்னிச்சாயா, கவனக்குறைவுன்னு மூணு இடத்துல போடச் சொன்னார் வினயேட்டன். ஒண்ணு போதாதான்னு கேட்டேன். மூணும் இருக்கட்டும்னுட்டார்."

காக்கநாட்டு மென்பொருள் வளாகத்தில் எங்கள் அலுவலகம். மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கிறோம். நான் ஒன்பது வருடமாகச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். ஜெஸ்னா தலசேரிப் பெண்; சேர்ந்து ஆறு மாதம் ஆகப்போகிறது. தகுதிகாண் காலம் மறுநாள் முடிகிறது. வேலை நிலைக்குமா என்பது அன்றைய கூட்டத்தைப் பொறுத்தது. "கவனக்குறைவு" என்று எழுதிய கடிதத்தோடு வெளியே போனால், இந்த வளாகத்தில் இன்னொரு கம்பெனி அவளை உள்ளே விடாது.

நடந்தது இதுதான். நாயரம்பலத்திலிருந்து டயாலிசிஸுக்கு வரும் குஞ்ஞப்பன் என்பவருக்குச் செவ்வாய்க்கிழமை முறையை நர்ஸ் பதிவு செய்திருக்கிறார். அந்த நேரத்தில் நெட்வொர்க் அறுந்துவிட்டது. பதிவு சேமிக்கப்படவில்லை. ஆனால் திரை, "பதிவாகிவிட்டது" என்று பச்சை எழுத்தில் சொன்னது. செவ்வாய் காலை முதல் பஸ்ஸில் வந்தவரை, பட்டியலில் பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். புதன்கிழமை மூச்சுமுட்டி, தீவிர சிகிச்சையில் சேர்த்தார்கள். பிழைத்துக்கொண்டார். மருத்துவமனை எங்களிடம் விளக்கம் கேட்டது.

பிழையைக் கண்டுபிடிக்க அரைமணி நேரம்கூட ஆகவில்லை. சேமிக்க முடியாமல் போனால் என்ன செய்ய வேண்டும் என்று எழுத வேண்டிய இடத்தில் ஒன்றுமே எழுதவில்லை. திறந்த அடைப்புக்குறி, மூடிய அடைப்புக்குறி, நடுவில் வெற்றிடம்.

இதைப் பிடிப்பதற்கென்றே எங்களிடம் ஒரு கருவி உண்டு. கறுப்புத் திரையில் ஒரு கட்டளை அடித்தால், நிரலை ஓட்டாமலேயே வரிவரியாகப் படித்து, இங்கே ஓட்டை, அங்கே ஓட்டை என்று சொல்லும். எச்சரிக்கை ஒன்று மிச்சமிருந்தாலும் நிரல் வெளியே போகாது. இந்த வெற்றிடத்தையும் அது சொல்லியிருக்கும். சொல்லவில்லை, ஏனென்றால் அதற்கு மேலே ஒரு குறிப்பு இருந்தது: அடுத்த வரியைப் பார்க்காதே. அப்படி எழுதிவிட்டால் கருவி பார்க்காது. நாங்கள் அதை வாயடைப்பது என்போம்.

இரண்டு வருடம் முன்பு தணிக்கைக்கு ஆள் வந்தபோது எச்சரிக்கைகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. திருத்த மூன்று மாதம் வேண்டும். எங்கள் தலைவர் வினயன் மூன்று நாள் கொடுத்தார். எல்லோரும் உட்கார்ந்து வாயடைத்தோம். பூஜ்யம் வந்தது. வினயன் அன்று பிரியாணி வாங்கிக் கொடுத்தார்.

அப்போது ஜெஸ்னா தலசேரியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு எப்படி அவள் மாட்டினாள்? எந்த வரியை யார் எழுதினார்கள் என்று கேட்டால் சொல்வதற்கும் ஒரு கட்டளை இருக்கிறது. அது அந்த வரிக்கு நேராக ஜெஸ்னாவின் பெயரைக் காட்டியது. அந்த வரிக்கு மட்டுமல்ல, கோப்பில் இருந்த எல்லா வரிக்கும். ஏப்ரலில் வினயன், மகளை அழைக்கும் உரிமையோடு, அவளிடம், "மோளே, கருவியிலேயே தானா திருத்துற வழி இருக்குல்ல, மொத்தத்துக்கும் ஒரு தடவை ஓட்டிவிடு" என்றார். ஓட்டினாள். அது ஒவ்வொரு வரியின் ஆரம்பத்திலும் இடைவெளியைச் சரிசெய்தது. கடைசியாகத் தொட்டவர் பெயர்தானே பதியும்? ஒரு எழுத்துகூட எழுதாமல் மொத்தமும் அவள் பெயருக்கு மாறிவிட்டது.

இடைவெளி மாற்றங்களைத் தள்ளிவிட்டுப் பார் என்று அந்தக் கட்டளையோடு ஒரு எழுத்தைச் சேர்த்து அடித்தால் உண்மையான பெயர் வரும். இது ரகசியமில்லை. கூட்ட அறையில் லிஜியைத் தவிர இருந்த ஒன்பது பேருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். யாரும் அடிக்கவில்லை. வேறு எந்தப் பெயர் வரும் என்று எல்லோருக்கும் ஓர் ஊகம் இருந்தது.

மூன்று மணிக்கு வினயன் ஆரம்பித்தார். "ஜெஸ்னா, இது உன் பேருதானே மோளே?"

"என் பேருதான் வினயேட்டா. நான் எழுதினதில்லை."

"பேரு உன்னோடது, எழுதினது பேயா?" சிலர் சிரித்தார்கள். "புதுசா வர்றவங்களுக்குப் பழகுறவரைக்கும் தவறு வரும். ஆனா இது ஒரு மனுஷனோட உயிர். நான் ஆஸ்பத்திரிக்கு என்ன பதில் சொல்றது?"

"ஒரு நிமிஷம் தாங்க." அவள் எழுந்து, சுவர்த் திரைக்குப் போகும் கேபிளை அவர் மடிக்கணினியிலிருந்து பிடுங்கித் தன்னுடையதில் மாட்டினாள். கட்டளையை ஒருமுறை தப்பாக அடித்து, அழித்து, மறுபடி அடித்தாள்.

வரிகளுக்கு நேரே பெயர்கள் மாறின. வெற்றிடத்துக்கு நேராக வினயன். அதற்கு மேலே இருந்த வாயடைப்புக்கு நேராகவும் வினயன். தேதி, தணிக்கைக்கு முந்தின நாள்.

வினயன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி. இங்க பாருங்க எல்லாரும். ஆளைத் தேடிக் குத்தம் சொல்றது நம்ம வழக்கமில்லை. எங்க தப்பாச்சு, முறையை எப்படி மாத்தலாம், அதைப் பேசுவோம். மோளே, அந்தத் திரையை மூடு."

"என்னை மோளேன்னு கூப்பிடாதீங்க சார்."

ஆறு மாதத்தில் அவள் அவரை, அண்ணன் முறையில் ஏட்டா என்று அழைக்காமல், சார் என்றது அதுதான் முதல் தடவை.

"அஞ்சு நிமிஷம் முன்னாடி வரைக்கும் ஆளைத்தானே தேடினீங்க? என் பேரு வந்தா உயிர்ப் பிரச்சினை, உங்க பேரு வந்தா முறைப் பிரச்சினையா? லிஜிச் சேச்சி, எல்லாருக்கும் தெரிஞ்ச அந்த லெட்டர் உங்க ஃபைல்லதானே இருக்கு?"

லிஜி வினயனைப் பார்த்தாள். "அதை விட்டுடலாம் ஜெஸ்னா. இனி அது வேண்டாம்."

"ஏன் விடணும்? நல்லாத்தான் எழுதியிருப்பீங்க. பேரை மட்டும் மாத்துங்க."

யாரோ இருமினார்கள். வினயனின் முகம் சிவந்துவிட்டது. "ரொம்பப் பேசாதே. வேலை வேணுமா, வேண்டாமா உனக்கு?"

"வேணும். என் வேலை நிரந்தரம்னு இப்பவே, இங்கேயே, இவங்க எல்லாருக்கும் போற மாதிரி மெயில் போடச் சொல்லுங்க. வந்தப்புறம் நான் இந்தப் பிழையைத் திருத்துறேன். ஆஸ்பத்திரி நாலு மணிக்குள்ள கேட்டிருக்குல்ல?"

மணி மூன்றரை ஆகப்போகிறது. வினயன் தலையசைத்தார். லிஜி அங்கேயே உட்கார்ந்து தட்டினாள். எல்லாருடைய போனும் மேஜையில் ஒன்றன்பின் ஒன்றாக அதிர்ந்தது. ஜெஸ்னா தன்னுடையதை எடுத்து முழுதாகப் படித்தாள். இரண்டு முறை படித்தாள்.

பிறகு திருத்தினாள். நான்கு வரி. சேமிக்க முடியவில்லை என்றால் திரை சிவப்பாகி, மறுபடி முயலச் சொல்லும். நான் சோதித்தேன், சரியாக இருந்தது, மருத்துவமனைக்குப் போனது. ஐந்து நிமிட வேலை. இரண்டு வருடம் யாரும் செய்யவில்லை.

அவள் கேபிளைக் கழற்றவில்லை. இன்னொரு கட்டளை அடித்தாள். மொத்த நிரலிலும் எங்கெல்லாம் வாயடைத்திருந்தோமோ அத்தனையையும் அழிக்கும் கட்டளை. நாங்கள் புரிந்துகொள்வதற்குள் எல்லோரும் பகிரும் பொது நிரலிலும் சேர்த்துவிட்டாள். பிறகு கருவியை ஓட்டினாள். எச்சரிக்கைகள் சுவரில் கீழிருந்து மேலே ஓடின. மருந்தளவு, ரத்த வகை, படுக்கை எண் என்று ஒவ்வொரு கோப்பின் பெயராக ஓடி நின்றது. முந்நூற்றுப் பன்னிரண்டு.

"என்ன பண்ணி வெச்சிருக்கே?" வினயன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "திங்கட்கிழமை கோட்டயம் ஆஸ்பத்திரிக்கு ரிலீஸ் இருக்கு! ஒண்ணும் வெளியே போகாது இப்ப! எல்லாத்தையும் திரும்பப் போடு!"

"நான் போட மாட்டேன். நீங்க போடுங்க." அவள் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். "இடைவெளியைத் திருத்தினதுக்கே பேரு பதியுது. இதுக்குப் பதியாதா? இன்னைக்குத் தேதியோட பதியும். ரத்த வகையிலே ஏதாச்சும் ஆனா, யாரு வாயடைச்சதுன்னு தேட வேண்டியதே இல்லை."

வினயன் விசைப்பலகையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "பென்னி, நீ போடு."

அந்த முந்நூற்றுப் பன்னிரண்டில் பதினெட்டு என்னுடையவை. அந்த பிரியாணியை நானும் தின்றவன். நாயரம்பலத்துக்காரரைத் திருப்பி அனுப்பிய வரி வினயனுடையதாக இருந்தது தற்செயல், என்னுடையதாகவும் இருந்திருக்கலாம். அந்த ஒரு எழுத்தைச் சேர்த்து அடிக்கத் தெரிந்தும், முந்தின நாளிலிருந்து அந்தப் பெண்ணைத் தனியாக உட்காரவைத்து வேடிக்கை பார்த்தவன் நான். அவர்மேல் வந்த கோபம் எவ்வளவோ, அவ்வளவு என்மேலும் வந்தது.

"என்னால முடியாது வினயா," என்றேன். "திங்கட்கிழமை போகாதுன்னு கோட்டயத்துக்கு போன் பண்ணு."

அவர் மற்ற ஆறு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். யாரும் கையை மேஜைக்கு மேலே கொண்டுவரவில்லை.