மூன்று கை தண்ணீர்

என் மகன் செழியனுக்கு ஏழாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. கை அசையாது, கால் அசையாது, கழுத்து நிற்காது. கண்ணும் புருவமும்தான் அவனுக்கு எல்லாம், அதை வைத்தே வீட்டைக் கட்டி ஆண்டான். ஃபேன் நின்றால் புருவத்தைச் சுருக்குவான். அவன் அம்மா ஷாரோன் அறையை விட்டுப் போனால் கதவையே பார்ப்பான். நான் ஷிப்ட் முடித்து வந்து, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பக்கத்தில் படுத்து, கம்பெனி பஸ்ஸில் எவனெவன் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினான் என்று நடித்துக் காட்டுவேன். சிரிப்பான். சத்தம் வராது, வாய் மட்டும் மலரும். அதற்காகவே திருக்கழுக்குன்றம் ஸ்டாப்பில் இறங்கியதும் வீட்டுக்கு ஓடுவேன்.

தசைகளை ஆட்டிவைக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும் நோய் என்றார் செங்கல்பட்டு டாக்டரம்மா. எங்கள் இருவரிடமிருந்தும் பாதிப் பாதி வந்ததாம். புது மருந்துகள் உண்டாம், ஆனால் அவன் உடம்பு அதைத் தாங்கும் கட்டத்தைத் தாண்டிவிட்டதாம். முதல் பிறந்தநாளை எதிர்பார்க்க வேண்டாம் என்று எங்கள் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார். மறைமலைநகர் கம்பெனியில் தேறாத பீஸுக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. அன்றைக்கு என் பிள்ளை மேல் ஒட்டிவிட்டார்கள். அந்த அம்மா மேல் எனக்கு வந்த கோபத்தில் நியாயமே இல்லை. இருந்தும் அது இன்னும் தீரவில்லை.

மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாய், பால் அதில்தான் போகும். எச்சிலையும் சளியையும் விழுங்கத் தெரியாது. தொண்டையில் கட்டிக்கொண்டால் உறிஞ்சி எடுக்க, பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன மெஷின் வாங்கி வைத்திருந்தோம். ஷாரோன் அதில் கைதேர்ந்துவிட்டாள். மூச்சு முட்டினால் வென்டிலேட்டரில் போடலாம், ஆனால் அதிலிருந்து திரும்ப எடுக்க முடியாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் தனியாகக் கிடக்க வேண்டாம், எங்கள் மடியிலேயே இருக்கட்டும் என்று இருவரும் சேர்ந்துதான் முடிவு செய்தோம்.

சேர்ந்து முடிவு செய்யாதது ஒன்றே ஒன்று. நான் இந்து, அவள் கிறிஸ்தவள். கல்யாணத்தின்போது பேசிக்கொண்டது, குழந்தைக்கு மொட்டையும் வேண்டாம், ஞானஸ்நானமும் வேண்டாம், வளர்ந்து அவனே எதையாவது எடுத்துக்கொள்ளட்டும் என்று. பெரிய மேதாவிகள் நாங்கள். வளர மாட்டான் என்று தெரிந்த பிறகு, ஷாரோன் ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம் என்று கேட்க ஆரம்பித்தாள்.

"இன்னாத்துக்கு?" என்றேன்.

அவள் மழுப்பவில்லை. "எங்க ஊரு கல்லறைத் தோட்டத்துல ஞானஸ்நானம் குடுக்காத புள்ளைய வைக்க மாட்டாங்கயா. உங்க ஊருல ஏரிக்கரையில பொதைப்பீங்க. உன் தங்கச்சிய எங்க பொதைச்சாங்கன்னு உங்க அம்மாவுக்கே காட்டத் தெரியல. என் புள்ள எங்க கீறான்னு எனக்குத் தெரியணும்."

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. என் தங்கை கைக்குழந்தையாகவே போனவள். ஏரி நிறைந்தால் அந்த இடம் தண்ணீருக்குள் போய்விடும், வற்றினால் வேலிக்காத்தான் முள் முளைத்துவிடும். உண்மையாக இருந்ததால்தான் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"பஸ்ஸுல துண்டு போட்டு எடம் புடிக்கிற மாதிரி, உசுரோட கீற புள்ளைக்குக் குழியில எடம் புடிக்கிறியா? வாயில இந்தப் பேச்சு இனிமே வரக்கூடாது."

வரவில்லை. பேச்சை நிறுத்திவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பிள்ளைக்குக் கடல் காட்ட வேண்டும் என்றாள். எனக்கும் அந்த ஆசை இருந்தது. அவள் தம்பி ஆபிரகாம் சிறுசேரி கம்பெனிகளுக்குக் கார் ஓட்டுகிறவன், வண்டியோடு வந்துவிட்டான். பின்சீட்டில் ஷாரோன் மடியில் செழியன், பக்கத்தில் நான், காலடியில் மெஷின். வழியெல்லாம் மரம் மரமாகக் காட்டிக்கொண்டு போனேன். ஒவ்வொன்றையும் கண்ணால் துரத்தினான். பூஞ்சேரி கூட்டுரோடு தாண்டியதும் வாயோரம் எச்சில் வழிந்தது. துடைக்கத் துணி எடுக்கப் பையைத் திறந்தேன். உள்ளே ஒரு வெள்ளைச் சட்டை, லேஸ் வைத்தது, மடிப்புக் கலையாமல் இருந்தது.

"கடலுக்குத்தான போறோம்?" என்று கேட்டேன்.

ஷாரோன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆபிரகாம்தான் பேசினான். "மாமா, பாஸ்டர் கோயில்ல காத்துகினு கீறாரு. பத்து நிமிசம் மாமா. முடிச்சிட்டு நேரா பீச்சுக்குப் பூடலாம்."

"வண்டியத் திருப்பு."

"மாமா..."

"திருப்புடான்றேன்!"

திருப்பினான். அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. என்னை ஏமாற்றி அழைத்துவந்தாள், பிள்ளை சாக நாள் பார்க்கிறாள் என்று கத்திக்கொண்டே வந்தேன். அவளும் கத்தினாள். "நான் பாக்கலய்யா! நாளு தானா வந்துகினு கீது! உனக்குக் கண்ணு தெரியலயா?"

செழியன் அதுவரை இப்படிச் சத்தம் கேட்டதில்லை. முகம் கோணியது. அழுதான். அவன் அழுகை பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது, ஆனால் அழுகையோடு எச்சில் மொத்தமும் மூச்சுக்குழலுக்குள் போய்விட்டது. உதடு நீலமானது.

ஆபிரகாம் சாலையோரம் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினான். ஷாரோன் பிள்ளையைப் பின்சீட்டில் ஒருக்களித்துக் கிடத்தி மெஷின் குழாயை வாய்க்குள் விட்டாள். மெஷின் உறிஞ்சியது. கொஞ்சம் வந்தது. உதடு சிவக்கவில்லை. மறுபடி உறிஞ்சினாள். நெஞ்சு உள்ளே ஒட்டிக்கொண்டு போய், பிறகு வெளியே வரவே யோசித்தது.

"செங்கல்பட்டுக்கு வுடுறேன்க்கா," என்றான் ஆபிரகாம்.

"வேணாம்," என்றாள். என்னைப் பார்த்தாள். நானும் வேண்டாம் என்றுதான் தலையை ஆட்டினேன். எப்படி ஆட்டினேன் என்று இன்றும் தெரியவில்லை.

"பாஸ்டர இங்க வரச் சொல்லவா?"

"அவரு வர வரைக்கும் தாங்காதுடா." குழாயைப் பிடித்த கை ஒன்று, அவன் தலையைத் தாங்கிய கை ஒன்று, இரண்டையும் அவள் எடுக்கவில்லை. "பாஸ்டர் இல்லாட்டி யாரு வேணும்னாலும் குடுக்கலாம். தண்ணி இருந்தா போதும்."

"அப்ப நான் குடுக்குறேன்க்கா," என்று ஆபிரகாம் பாட்டிலைத் திறந்தான்.

"நீ வேணாம். அவங்க அப்பா குடுக்கட்டும்." என் பக்கம் திரும்பினாள். "கலை, நீ குடு. வேற யாரு குடுத்தாலும் என் புள்ளையா மட்டும் பூடுவான். நீ குடுத்தா நம்ம புள்ளையாப் போவான்யா."

ஆபிரகாம் என் உள்ளங்கையில் தண்ணீர் ஊற்றினான். என்ன சொல்ல வேண்டும் என்று ஷாரோன் சொல்லிக்கொடுத்தாள். பெயரை முதலில் சொல்ல வேண்டுமாம்.

"செழியன்," என்றேன். அவன் கண் என் பக்கம் திரும்பியது. கூப்பிட்டதாக நினைத்துக்கொண்டான். "உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன். பிதாவின்..." நெற்றியில் ஊற்றினேன். தண்ணீர் காதோரம் இறங்கியது.

"குமாரனுடைய..." இரண்டாவது கை.

மூன்றாவது கை நிறைந்தது. என்னால் ஊற்ற முடியவில்லை. இதை ஊற்றிவிட்டால் அவனுக்குச் செய்ய வேண்டியது எதுவும் பாக்கி இருக்காது. ஏதாவது பாக்கி வைத்தால் இருப்பான் என்று தோன்றியது. தண்ணீர் விரல் இடுக்கு வழியாக ஒழுகி சீட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. நெற்றி ஈரத்தோடு என் மகன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவு பிரியமாக என்னை வேறு யாரும் பார்த்ததில்லை.

"ஊத்துயா," என்றாள் ஷாரோன். "கண்ணு தொறந்துகினு கீறப்பவே ஊத்து. அவனுக்குத் தெரியட்டும்."

கை காலியாகியிருந்தது. ஆபிரகாம் மறுபடி நிரப்பினான்.

"பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே," என்று சொல்லி ஊற்றினேன். ஆமென் சொல்ல எனக்குத் தெரியவில்லை, அவர்கள் இருவரும் சொன்னார்கள். ஷாரோன் குழாயை எடுத்துவிட்டு அவனைத் தூக்கி என் நெஞ்சில் சாய்த்து, அவளும் எங்களோடு ஒட்டிக்கொண்டாள். ரொம்ப நேரம் என் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பார்வை அங்கேயே நின்றுவிட்டது.

கத்தினேன். சாலையில் போன டூவீலர்காரர் நின்று பார்த்துவிட்டுப் போனார். ஷாரோன் கத்தவில்லை. அவன் நெற்றியிலிருந்த தண்ணீரைத் தன் கன்னத்தால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வெகுநேரம் கழித்து ஆபிரகாம் முன்சீட்டில் ஏறினான். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, திரும்பாமலே கேட்டான். "எந்தப் பக்கம் மாமா?"

நான் வெள்ளைச் சட்டையை எடுத்து ஷாரோன் கையில் கொடுத்தேன்.

"உங்க ஊருக்கே வுடு மச்சான்," என்றேன். "மெதுவாப் போ. புள்ள தூங்குறான்."