சூசைநாதனின் இடது கன்னம்

ரேசரை மேலிருந்து கீழாக இழுத்தாள் பிரிஸ்கில்லா. அப்பாவின் வலது கன்னம் அப்படித்தான் வழவழப்பானது. இடது கன்னத்தில் மட்டும் முடி முள்முள்ளாக நின்றது. கீழிருந்து மேலாக இழுத்தாள். அப்போதும் நின்றது. அழுத்தவும் பயமாக இருந்தது. உயிரோடு இருப்பவருக்குக் கீறினால் ஆறிவிடும். சூசைநாதன் விடியற்காலையில் இறந்துவிட்டார். மூன்று மணிக்குக் கோயிலுக்குத் தூக்க வேண்டும்.

"உடும்மா. தாடியோட போனா உள்ள உட மாட்டாங்களா? மோட்ச வாசல் சாவி வச்சிருக்குற இராயப்பரே தாடிக்காரருதான்" என்றார் டோனி சித்தப்பா.

"அப்பா ஒரு நாளாவது தாடியோட நெல்லித்தோப்பு கடைத்தெருவுக்குப் போயிருக்காரா, சொல்லுங்க சித்தப்பா?"

மில்லில் மெஷின் பெல்ட் இடது கன்னத்தைப் பிய்த்துப்போட்டு இருபது வருடம். அன்றிலிருந்து அப்பா கதவைச் சாத்திக்கொண்டுதான் சவரம் செய்வார். எப்படிச் செய்தார் என்று ஒருவரும் பார்த்ததில்லை.

"அம்மா, கன்னத்துல வச்சுத் தச்ச இந்தத் தோல எங்கேருந்து எடுத்தாங்க?"

ரோசா கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி நின்றாள். "தொடையிலேருந்து எடுக்கலாம்னுதான் டாக்டர் மொதல்ல சொன்னாரு. 'அதுல தாடி மொளைக்குமா?'ன்னு இவரு கேட்டாரு. மொளைக்காது, நெறமும் சேராதுன்னாரு. 'அப்ப ஒரு கன்னம் ஆம்பள, ஒரு கன்னம் பொம்பளயா?'ன்னாரு உங்கப்பா. டாக்டருக்கே சிரிப்பு. அப்பறம் மோவாய்க்கு அடியில கிள்ளிப் பாத்துட்டு, இங்க தோலு தாராளமா இருக்குன்னாரு. தாடை ஓரத்துல மட்டும் வெட்டாம, ரத்தக் கொழாயோட அப்படியே மேல திருப்பி வச்சுத் தச்சாங்க."

"திருப்பியா?"

பிரிஸ்கில்லா கைக்குட்டையை அப்பாவின் மோவாய்க்கு அடியில் வைத்தாள். அங்கே முடி கழுத்தை நோக்கிப் படிந்திருந்தது. அதே திசையில் துணிமேல் பேனாவால் அம்பு ஒன்று வரைந்தாள். ஒரு முனையைத் தாடை ஓரத்தில் விரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையைக் கன்னத்துக்குச் சுழற்றினாள். அம்பு இப்போது மூக்கைக் காட்டியது.

"இங்க பாரும்மா. தோலு திரும்புனப்ப முடியும் சேந்து திரும்பிடுச்சு."

ரோசா குனிந்து பார்த்தாள். "அதான் தெனமும் அந்தக் காதுல நொரை ஒட்டியிருக்குமா? நான்தான் தொடச்சு உடுவேன்."

பிரிஸ்கில்லா புது பிளேடு போட்டாள். ரோசா முந்தானை நுனியைக் கையில் எடுத்துக்கொண்டு காத்திருந்தாள்.

பிரிஸ்கில்லா காதோரம் நுரையைத் தடவி, அங்கிருந்து மூக்கை நோக்கிக் குறுக்காக இழுத்தாள். கன்னம் வழவழவென்று வந்தது.