ஃபிரிட்ஜ் கதவில் நாரை ஏரி

துவைக்காத சாக்ஸ் ஒன்று வேண்டுமென்று கேட்டார்கள், மோப்ப நாய்க்கு. ரொவீனா அழுக்குக் கூடைக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவினாள். புருஷன் டெல்மரின் சாக்ஸுக்கு மோப்ப நாய் எதற்கு? காற்று சரியாக அடித்தால் பக்கத்து மாநிலத்துக்காரர்களே மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். நாற்பது வருஷமாக இதையே சொல்லி ஊரைச் சிரிக்க வைத்திருக்கிறாள். இன்று சாக்ஸ் கைக்கு வந்தபிறகும் சற்று நேரம் அதைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"கெடச்சுதாக்கா?" சமையலறையிலிருந்து தம்பி லைல் கத்தினான்.

"கெடச்சுது. நாய்தான் பாவம்."

போன வெள்ளிக்கிழமை விடிகாலையில் முதுகுமூட்டையோடு மீன் பிடிக்கத் தனியாக மலையேறிய மனுஷர் டெல்மர். இன்று வியாழன். மலைக்குப் போகிற எவரையும்போல அவரும் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டிவிட்டுத்தான் போனார். 'நாரை ஏரி. திரும்புவது செவ்வாய் சாயங்காலம். புதன் மதியம் தாண்டினால் ஷெரீப்புக்குச் சொல்.' புதன் பன்னிரண்டு அடித்ததும் லைல்தான் போன் போட்டான். தாளைப் பார்த்து எழுத்து விடாமல் வாசித்தும் காட்டினான். பதினான்கு பேரும் ஒரு ஹெலிகாப்டரும் இருட்டும்வரை நாரை ஏரிக் காட்டைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். மலையடிவாரத்தில் டெல்மரின் வண்டி நின்றது. அங்கிருந்து ஐந்து பள்ளத்தாக்குகளுக்கு வழி பிரிகிறது. ஆளைத்தான் காணோம்.

நாய்க்குச் சட்டையும் ஒன்று கொடுத்துவிடலாம் என்று ரொவீனா சின்ன அறைக்குள் போனாள். அங்கே கட்டில்மேல் கிடந்தது, தராசில் தோற்ற சாமான்களின் குவியல்.

பிப்ரவரியிலேயே தொடங்கிவிடும் இந்தக் கூத்து. வெளியே ஜன்னல்வரை பனி. உள்ளே சமையல் மேஜையில் டெல்மரும் லைலும் ஆளுக்கொரு வரைபடத்தைச் சீட்டுக்கட்டுபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். முப்பது வருஷத்தில் ஒருநாள்கூட இருவரும் சேர்ந்து மீன் பிடிக்கப் போனதில்லை. ஒரு சிறுநீரகத்தைக் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். டிரவுட் மீன் கிடைக்கிற ஏரியின் பெயரைக் கேட்கக்கூடாது. ஜூலை வந்தால், முதுகுமூட்டையின் எடையைக் குறைக்க, மாவு நிறுக்கும் தராசு டெல்மருக்குச் சொந்தமாகிவிடும். பல் தேய்க்கும் பிரஷின் கைப்பிடியைப் பாதியாக அறுப்பார். டீப்பைகளின் நூலைக் கத்தரிப்பார். ஒருமுறை கல்யாண மோதிரத்தையும் கழற்றித் தட்டில் வைத்தவர், ரொவீனா பார்த்த பார்வையில் மறுபடி மாட்டிக்கொண்டார்.

குவியலின் உச்சியில், வளையம் வளையமாகச் சுற்றி, கயிறு இருந்தது.

ரொவீனா அலமாரியைத் திறந்தாள். காட்டில் சாப்பாடு வைக்கிற, கரடியால் திறக்க முடியாத அந்தக் கறுப்பு டப்பா அங்கே இல்லை.

கயிற்றைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். ஷெரீப் ஆபீஸிலிருந்து வந்திருந்த ப்ரூஸ்டர் மேஜைமேல் பெரிய வரைபடத்தை விரித்து நாரை ஏரியைச் சுற்றி இன்றைக்கும் கட்டம் போட்டுக்கொண்டிருந்தான்.

"தம்பி, அவர் அங்க இல்ல."

"தாள்ல தெளிவா எழுதியிருக்கேம்மா."

"இது சாப்பாட்டு மூட்டைய மரத்துல கட்டித் தூக்குற கயிறு. கரடிக்கு எட்டாம. இத வச்சிட்டு டப்பாவ எடுத்துட்டுப் போயிருக்கார். அந்த டப்பா ரெண்டரை பவுண்டு. டீப்பை நூல வெட்டுற மனுஷன் அதச் சும்மா சுமப்பாரா? கட்டுறதுக்கு மரமே இல்லாத எடத்துக்குப் போயிருக்கார்."

ப்ரூஸ்டரின் பென்சில் நின்றது. நாரை ஏரியைச் சுற்றி மரம்தான். விரல் நுழைய இடமிராது.

"ஷெரீப்புக்குன்னு எழுதுற தாள்ல யாரும்மா பொய் எழுதுவாங்க?"

"எனக்குன்னு எழுதின தாளு அது," என்றாள் ரொவீனா. "எனக்குத்தான் எழுதினார்."

லைல் திரும்பி ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்தான்.

"இல்லக்கா," என்றான் லைல். குரல் சிறுத்திருந்தது. "எனக்கு எழுதினது. பீர் எடுக்க வரும்போதெல்லாம் அதப் படிப்பேன்னு மச்சானுக்குத் தெரியும். முழங்கால்ல ஆபரேஷன் பண்ணிட்டு நடக்க முடியாம கெடக்கறேன். என்கிட்டப் போய் மறைச்சிருக்காரு பாரு, கெழட்டு நரி."

சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

"மரமில்லாத உயரத்துல மீன் இருக்குற ஏரி நாலு இருக்கும்மா," என்றான் ப்ரூஸ்டர். "மேகம் எறங்குது. ஹெலிகாப்டர் ஒரு தடவதான் ஏறும். எதுன்னு சொல்லுங்க."

அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் உதடெல்லாம் வெடித்துத் திரும்பியவர், ஒதுங்க ஒரு மரம் கிடையாது, மலையே பார்க்க ஒண்ணுக்கிருந்தேன் என்று இதே மேஜையில் வரைபடத்தைக் குத்திக்காட்டிச் சிரித்தார். யாருக்கும் சொல்லாதே என்று சத்தியமும் வாங்கிக்கொண்டார். அவள் சொன்னதில்லை. பிரசவ வலியில்கூட.

விரலைத் தூக்கினாள். கண் தானாகத் தம்பி பக்கம் போனது. உயிர்போகிற நேரத்தில் என்ன வெட்கங்கெட்ட தயக்கம் இது என்று தன்மீதே அவளுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் விரல் வரைபடத்துக்கு ஒரு சாண் மேலேயே நின்றது.

லைல் ஊன்றுகோலை எடுத்தான். "நான் வெளிய நிக்கிறேன்."

கதவு சாத்தும் சத்தம் கேட்டபிறகுதான் விரல் இறங்கியது. அந்த நீலப் பொட்டுக்குப் பெயர் கிடையாது, உயரத்தைக் குறிக்கும் எண் மட்டும்தான். ப்ரூஸ்டர் அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டுவிட்டு, வயர்லெஸ்ஸோடு முற்றத்துக்கு ஓடினான்.

பதினொன்றே காலுக்குத் திரும்பி வந்தான். தொப்பி கையில் இருந்தது. அதைப் பார்த்ததும் ரொவீனா எழுந்து, எரியாத அடுப்பின் திருகை ஒருமுறை மூடினாள்.

"கூடாரத்துக்குள்ள இருந்தாரும்மா. தூக்கத்துலயே போயிருக்கணும். பூட்ஸக் கழட்டி ஒழுங்கா ஜோடியா வச்சிருக்கார்."

"எப்போ?"

"சனிக்கிழமையே இருக்கும்னு சொல்றாங்க. நேத்தே அங்க போயிருந்தாலும்..." முடிக்காமல் நிறுத்தினான்.

சனி, ஞாயிறு, திங்கள் என்று அவள் உதடுகள் மட்டும் அசைந்தன. புதனுக்கு மேல் போகவில்லை.

"காத்து அதிகமா மேல?"

"ஆமாம்மா."

"எப்பவும் அப்படித்தான்னு சொல்வார்."

ஆளைக் கீழே கொண்டுவர ஏற்பாடு செய்ய ப்ரூஸ்டர் கிளம்பினான். அவசரத்தில் வரைபடத்தை மேஜையிலேயே விட்டுவிட்டான்.

அவள் காபி போட்டாள். லைல் உள்ளே வந்தான். முகம் ஈரமாக இருந்தது; வெளியே தூறலும் போட்டுக்கொண்டிருந்தது. வாசல் நிலையிலேயே மேஜையைப் பார்த்துவிட்டு நின்றான். முப்பது வருஷம் எட்டி எட்டிப் பார்த்தது, சிவப்பு வட்டம் போட்டுத் திறந்து கிடந்தது.

"வாடா. பாத்துக்க," என்றாள் ரொவீனா. "இனிமே என்ன இருக்கு?"

"வேணாங்கா."

ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டு, ஒற்றைக் காலில் தத்தித் தத்தி, நாற்காலியை முழுக்கத் திருப்பிப் போட்டான். மேஜைக்கு முதுகு காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தான்.

ரொவீனா கோப்பையை அவன் தோளுக்கு மேலாக நீட்டினாள். அவன் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டித் தடவி வாங்கிக்கொண்டான்.